சம்மணம் போட முடியாத உடம்போடு சாமி முன்னால் எப்படி உட்காருவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தார்க்குச்சி (அம்மாப்பேட்டை, சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது. 6 வருடமாக முடக்குவாதம். ரத்தப் பரிசோதனையில் ருமாட்டாய்டு என்று உறுதியானது, எங்கள் பாட்டி காலத்தில் இதையே சரவாங்கி என்பார்கள். வியாழக்கிழமை தோறும் மெத்தோட்ரெக்ஸேட், வேறு நாளில் ஃபோலிக் ஆசிட், வலி கிளம்பிவிட்டால் டாக்டர் சொல்கிற சில நாளைக்கு ஸ்டீராய்டு. மருந்து கேட்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். முதல் வருடம் பல் துலக்கவே கை மூடாது, இப்போது நானே சோறு வடிக்கிறேன். ஆனால் காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது, முட்டி மரக்கட்டை மாதிரி இருக்கும், பால் பாக்கெட்டை வெட்டக்கூட மகனைத்தான் கூப்பிட வேண்டும்.

நான் கேட்க வந்தது வலியைப் பற்றி இல்லை. முன்பெல்லாம் கிருத்திகைக்குக் கிருத்திகை குமரகிரி முருகன் கோவில் படி ஏறுவேன். வீட்டில் விடியற்காலை விளக்கேற்றி சாமி அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து இருபது நிமிடம் கண்ணை மூடினால் அன்றைக்கு முழுவதும் ஒரு தெம்பு இருக்கும், தறிக்குத் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி, சுற்றும்போதும் அது கூடவே இருக்கும். இப்போது படி ஏற முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் வேண்டும், தீப்பெட்டியைப் பிடித்து உரசக் கட்டைவிரல் ஒத்துழைப்பதில்லை. வழக்கமாகச் செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றும் போனதும் சாமியோடு பேசுகிற வழியும் அடைத்துப்போன மாதிரி ஆகிவிட்டது.

போன வருடம் ஒரு தியான வகுப்புக்குப் போனேன். அசையாமல் உட்காருங்கள், வலி வந்தால் அதையே கவனியுங்கள், கரைந்துவிடும் என்றார்கள். எனக்குக் கரையவில்லை, பெரிதாகிக்கொண்டே போனது. நடுவில் காலை நீட்டியதற்கு எல்லோர் முன்னாலும் ஒரு சொல் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே வந்தேன். சொந்தக்காரர்களைக் கேட்டால் முன்ஜென்ம வினை என்கிறார்கள், இல்லையென்றால் நீ விரதத்தை விட்டாய், அதனால்தான் என்கிறார்கள்.

படுத்துக்கொண்டு கும்பிடலாமா? படுத்தால் தூங்கிவிடுகிறேன். மூச்சைக் கவனித்தால் வலிதான் முதலில் வந்து நிற்கிறது. இன்னொன்று, இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, முருகன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கோபத்தை வைத்துக்கொண்டு கும்பிடுவது தப்பா? வருடக்கணக்கில் நோயோடு இருக்கிறவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள்.


வெள்ளை உடுப்பு (அஸ்தம்பட்டி)

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனையில் செவிலியாக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாத நோய்க்காரர்களை நிறைய பார்த்திருக்கிறேன், எனக்கும் முதுகுத்தண்டில் பிரச்சினை உண்டு, அதனால் கேட்டதையும் சொல்கிறேன், பட்டதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த வகுப்பு. மூட்டு வீங்கியிருக்கிற ஒருவரை அசையாமல் தரையில் உட்காரச் சொல்வது தப்பு. காலை நீட்டியது உங்கள் மனபலக் குறைவு இல்லை, மூட்டு கேட்டது, கொடுத்தீர்கள், அவ்வளவுதான். தியானம் என்றாலே பத்மாசனம் என்று நினைக்கிறோம். நாள்பட்ட வலிக்காரர்களுக்கென்றே 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மருத்துவர்கள் எங்களால் இதற்கு மேல் முடியாது என்று அனுப்பிவைத்தவர்கள் பலர் அதற்கு வந்தார்கள். அதில் முதலில் சொல்லித்தருகிற பயிற்சியே மல்லாந்து படுத்துக்கொண்டு செய்வது. கால் விரலில் தொடங்கி மெல்ல மெல்ல உடம்பு முழுக்கக் கவனத்தைக் கொண்டுபோவார்கள். ஆகவே படுத்துச் செய்யலாமா என்ற கேள்வியே உங்களுக்கு வேண்டாம். தூக்கம் வந்தால் தூங்குங்கள். இரவெல்லாம் வலியில் புரண்ட உடம்பு பகலில் கிடைத்த இடத்தில் தூங்கத்தான் செய்யும், அதில் குற்றம் எதுவும் இல்லை. தூங்கக் கூடாது என்று நினைக்கிற நாளில் கண்ணை மூடாதீர்கள், விளக்குச் சுடரையோ படத்தையோ பார்த்துக்கொண்டே இருங்கள்.

அப்புறம், மூச்சைத்தான் பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வலிக்கிறவர்களுக்கு உடம்புக்குள்ளே கவனத்தைத் திருப்பினால் வலி பெரிதாகத் தெரிவது நடக்கக்கூடியதுதான். அப்படிப்பட்டவர்களிடம் நான் சொல்வது, உடம்பில் வலிக்காத இடம் ஒன்றைப் பிடியுங்கள், காதுமடல், மூக்கு நுனி, உதடு, எதுவாக இருந்தாலும் சரி. அதுவும் முடியாவிட்டால் வெளியே ஒரு சத்தத்தைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் போதும், மூன்று நிமிடமானாலும் சரி. நேரத்தையும் மாற்றுங்கள். விடியற்காலை 5 மணிதான் சாமிக்கு உகந்தது என்று பிடிவாதம் பிடித்தால் உங்கள் விரல் மரத்துக் கிடக்கிற நேரத்திலேயே போய் முட்டிக்கொள்கிறீர்கள். இறுக்கம் விட்ட பிறகு, பத்து பதினோரு மணிக்கு, வெந்நீரில் கை வைத்து எடுத்த பிறகு உட்காருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, பாதத்துக்கடியில் மணை, முழங்கைக்கடியில் தலையணை. தீப்பெட்டிக்குப் பதில் நீள மூக்கு கேஸ் லைட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அதை உள்ளங்கையால் அமுக்கலாம்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. தியானத்தால் மூட்டு வீக்கம் போகும், மாத்திரையை நிறுத்தலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த நோயில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறது, மருந்து அதைத்தான் அடக்கிவைக்கிறது, நிறுத்தினால் மூட்டு சத்தமில்லாமல் அரிக்கும். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரே நாள்தான், மறந்து தினமும் போட்டு உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் காலண்டரில் வியாழனைச் சுற்றி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், அழுகையாகவே வந்தால் அதை பக்திக் குறை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அல்லது 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள்.


நோன்புக்கஞ்சி (கோட்டை, சேலம்)

சகோதரி, நான் டயாலிசிஸ்காரன். வாரம் 3 நாள், நாளுக்கு 4 மணி நேரம், ஐந்தாவது வருடம் ஓடுகிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் தூங்கப் போக முடியவில்லை.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு நேரடியாகவே பதில் இருக்கிறது. இம்ரான் பின் ஹுஸைன் என்ற நபித்தோழருக்கு மூலநோய் இருந்தது, எப்படித் தொழுவது என்று கேட்டார். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று நபிகள் சொன்னார்கள். இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், மதரஸாவில் ஓதியது. ஆனாலும் பள்ளிவாசலில் முதல் முறையாக ஓரத்து நாற்காலியில் போய் உட்கார எனக்கு ஆறு மாதம் பிடித்தது. 45 வருடம் தோளோடு தோள் நின்ற வரிசையிலிருந்து விலகி வருகிற மாதிரி இருந்தது. ஸஜ்தாவுக்கு நெற்றி தரையைத் தொடாமல் தலையை மட்டும் குனியும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்து நாற்காலியில் முட்டி ஆபரேஷன் செய்த ஒரு பெரியவர் ஒன்றும் பேசவில்லை, தொழுகை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த நாற்காலிதான் என் இடம்.

டயாலிசிஸ் நேரத்தில் இடது கையை அசைக்கக் கூடாது, இரண்டு ஊசி இருக்கும். வலது கை சும்மா இருக்கும். விரல் கணுவில் கட்டைவிரலை வைத்து எண்ணுவேன், சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. எத்தனை சுற்று என்று கணக்கு வைப்பதில்லை. சில நாள் ரத்த அழுத்தம் விழுந்து, காலில் குரக்குப் பிடித்து, பாதியில் நின்றுவிடும். விட்ட இடம் தெரியாது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

இன்னொன்று சொல்கிறேன். இடது முன்கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது, ரத்தக்குழாய் இரண்டை இணைத்துவைத்த இடம். அது வேலை செய்கிறதா என்று தினமும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தொட்டால் உள்ளே ஒரு அதிர்வு ஓடும், பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி. விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்ததும் என் முதல் வேலை அதில் மூன்று விரலை வைப்பதுதான். அந்த அதிர்வு விரலில் பட்டதும் வாயில் தானாக அல்ஹம்துலில்லாஹ் வரும். யாரும் சொல்லித்தந்த தியானம் இல்லை இது, ஆனால் என் நாளில் அல்லாஹ்வுக்கு மிக அருகில் இருக்கிற நேரம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கும் நோய் சம்பந்தமாகத் தினமும் செய்தே ஆக வேண்டிய வேலை ஏதாவது இருக்கும். அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

நோன்பு வைக்க முடியாத முதல் ரமலானில் அழுதேன். நோய் தீராதவர்கள் நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கலாம், கொடுத்தேன், ஆனாலும் மனது ஆறவில்லை. அடுத்த வருடம் பள்ளிவாசலில் அஸர் என்கிற மாலைத் தொழுகைக்குப் பிறகு கஞ்சி ஊற்றுகிற இடத்தில் போய் நின்றேன். தூக்குப்போணியோடு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைகளும்தான். எனக்குத் தண்ணீர் அளவு உண்டு, ஒரு டம்ளர் கஞ்சிகூட யோசித்துத்தான் குடிக்க வேண்டும். நான் ஊற்றிக்கொடுக்கிறேன். இப்போது அதுதான் என் நோன்பு.


மூலிகைப்பிரியன் (இளம்பிள்ளை)

சகோதரி, அமாவாசையன்று கஞ்சமலை சித்தர் கோவிலுக்கு வாருங்கள். காலாங்கிநாதர் இருந்த மலை, மூலிகைக் காற்று, அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மனசு தானாக அடங்கும். சித்த மருத்துவத்தில் வாதத்துக்கு நல்ல வழி இருக்கிறது, இந்த ஆங்கில மருந்தெல்லாம் கல்லீரலைக் கெடுக்கும், மெல்ல மெல்ல விட்டுவிடுங்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.


வெள்ளை உடுப்பு (அஸ்தம்பட்டி)

தம்பி, கஞ்சமலைக்குப் போகச் சொன்னது நல்லது, நானும் அமாவாசைக்குப் போயிருக்கிறேன், அடிவாரத்தில் நிற்கும்போதே மனம் இறங்கும். மருந்தை விடச் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன். கல்லீரலைப் பாதிக்கலாம் என்பது உண்மைதான், அதற்காகத்தான் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவர்களுக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சித்த மருத்துவம் பார்ப்பதென்றால் பட்டம் படித்த சித்த மருத்துவரிடம் போய், போடுகிற மாத்திரைச் சீட்டைக் காட்டி, வாத டாக்டருக்கும் தெரியப்படுத்திச் செய்யலாம். இரண்டு பக்கமும் மறைத்துச் செய்வதும் மெல்ல விடுவதும் வேண்டாம். தங்கச்சி, நிறுத்தாதீர்கள்.


சுகவனம் (செவ்வாய்ப்பேட்டை)

அம்மா, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நோய் எனக்கில்லை, என் மனைவிக்கு. பார்க்கின்சன், 9 வருடம், இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். நீங்கள் கடைசியில் கேட்டீர்களே, கோபத்தோடு கும்பிடலாமா என்று, அதற்கு மட்டும் பதில் சொல்ல வந்தேன்.

அப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் நூற்றாண்டு. சூலை நோய் என்ற கடும் வயிற்றுவலி. எந்த மருந்துக்கும் கேட்காமல் திருவதிகைக்கு அக்கா திலகவதியார் இருக்கும் இடத்துக்கு இரவோடு இரவாக வருகிறார், அக்கா திருநீறு கொடுத்துக் கோவிலுக்குள் அழைத்துப் போகிறார். அங்கே பாடிய முதல் பதிகத்தில் பெருமானே உன் அழகென்ன என்றா தொடங்கினார்? எமனைப் போல வந்த இந்த நோயை விலக்கமாட்டேன் என்கிறீர்களே, நான் கொடுமை எதுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லையே, குடலைச் சுருட்டி முடக்குகிறதே, தாங்க முடியவில்லை என்றுதான் தொடங்குகிறார். தமிழில் பக்தி செய்தவர்களில் இவ்வளவு பெரியவர் வாயைத் திறந்ததும் சொன்னது முறையீடு. பள்ளியில் 28 வருடம் அந்தப் பாட்டை நடத்தினேன், சீர் பிரித்தேன், அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டேன். என் மனைவி கை நடுங்கி ரசத்தைப் புடவையில் கொட்டிக்கொண்டு, "நான் யாருக்கு என்னங்க கெடுதல் செஞ்சேன்?" என்று கேட்ட அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது. அதே வார்த்தை. உங்கள் கோபத்தை அப்படியே முருகனிடமே சொல்லுங்கள், வேறு யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

வினை என்கிற சொந்தக்காரர்களுக்கு ஒன்று. ரமண மகரிஷிக்கு 1948 கடைசியில் இடது கையில் புற்றுக்கட்டி வந்தது, நான்கு முறை அறுவை செய்தார்கள், 1950 ஏப்ரல் 14-இல் மறைந்தார். அவர் பக்தியில் குறை, விரதத்தில் குறை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? உடம்பு என்றால் நோய் வரும். வீட்டுக்கு வந்து இப்படிப் பேசுகிறவர்களிடம் என் மனைவி பதிலே சொல்லமாட்டார், காபி வேண்டுமா என்று கேட்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, இரண்டு பேரை வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.

அவருக்குக் கோட்டை மாரியம்மன் மேல் உயிர். ஆடியில் உருளுதண்டம் போட்டவர். நோய் முற்றிய பிறகு கூட்டத்துக்குள் கூட்டிப்போகவே முடியாது. முதல் ஆடியில் வீட்டிலேயே மூலையைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன், அது என் தப்பு. அடுத்த ஆடியிலிருந்து கூட்டம் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியமாகப் பார்த்து ஆட்டோவில் கூட்டிப்போய், கோவில் எதிரே நிறுத்தி, இறங்காமல் உள்ளிருந்தே பார்ப்பார். வேப்பிலைக் கொத்து ஒன்றை மடியில் வைத்துவிடுவேன். அதைப் பிடித்துக்கொண்டால் கை நடுக்கத்தில் இலையெல்லாம் சலசலக்கும். "நான் ஆட்டலைங்க, ஆத்தா ஆட்டுறா" என்பார். சேலம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை என்ற அலங்கார வண்டி ஊர்வலத்தையும் அப்படித்தான், தெரிந்தவர் வீட்டு மாடியிலிருந்து. கோவிலுக்குப் போகும் வழி மாறும் அம்மா. நான் அந்த முதல் ஆடியைத் தவறவிட்டதை நினைத்துத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், உங்கள் வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்கள்.


காப்பிப்பூ (ஏற்காடு)

அக்கா, எனக்கு லூபஸ், 34 வயது, எஸ்டேட் பக்கத்தில் வீடு. உங்களுக்கு வந்ததுக்கு இது ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி, இதிலும் உடம்பே உடம்பைத் தாக்குகிறது, மூட்டும் வலிக்கும். கூடவே வெயில் ஆகாது.

ஊரே அமைதி தேடி இங்கே ஏறி வருகிறது, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி வந்து லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்று நிம்மதி என்கிறார்கள். இங்கேயே இருக்கிற எனக்கு இரண்டு வருடம் நிம்மதி இல்லை. மலை தானாக எதுவும் கொடுக்காது என்று அனுபவத்தில் சொல்கிறேன். யாராவது மாறுதலுக்கு ஏற்காடு போ என்றால் டிசம்பர் ஜனவரியில் மட்டும் வராதீர்கள், பனியில் உங்கள் விரல் இன்னும் இறுகும். ஏப்ரல் மே சரி. சேர்வராயன் கோவில் 5,300 அடிக்கு மேல் இருக்கிறது, ஆனால் வண்டி மேலேயே போகும், படி ஏறுகிற வேலை இல்லை. சாமி இருக்கிற குகைக்குள் குனிந்து போக வேண்டும், உங்களால் முடியாவிட்டால் வெளியே அந்தப் பரந்த மைதானத்தில் நின்று கும்பிட்டாலே போதும், சேர்வராயனும் காவேரியம்மனும் குனிந்து வந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லப்போவதில்லை. மே மாதத் திருவிழா நாளைத் தவிர்த்துவிடுங்கள், நெரிசல்.

நான் என்ன செய்கிறேன் என்றால், நாங்கள் கிறிஸ்தவர்கள், முன்பு முழு ஜெபமாலையும் முழந்தாளில் சொல்வேன். இப்போது வெயில் ஏறும் முன், பனி இருக்கும்போதே, தொப்பி போட்டுக்கொண்டு வீட்டுப் பின்னால் பத்து நிமிடம் மெல்ல நடப்பேன். ஐந்து பத்தும் சொல்வதில்லை, ஒரே ஒரு பத்து, அதாவது ஜெபமாலையில் பத்து மணிகள் மட்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு காப்பிச் செடியின் முன்னால் நிற்பேன். வருடம் முழுக்க அதே பத்துச் செடிதான், அதனால் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், எதில் கிளை முறிந்தது, எதில் எறும்புக் கூடு என்று. கோடை மழை ஒன்று பெய்து எட்டு ஒன்பது நாளில் பூ வரும் பாருங்கள், கிளை முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசனை, இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும். போன வருடம் அந்த மூன்று நாளும் எனக்குக் காய்ச்சல், படுக்கையிலேயே கிடந்தேன். அம்மா ஜன்னலைத் திறந்துவைத்தார், வாசனை உள்ளே வந்தது. மணியை விரலால் உருட்டக்கூடத் தெம்பில்லை, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு மட்டும் கிடந்தேன். அதுவும் ஜெபம்தான் என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

முடியாத நாள் முடியாததுதான் அக்கா. விட்டுப்போன நாளைச் சேர்த்து மறுநாள் செய்யாதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரு வாரம் படுத்துவிட்டேன்.


தார்க்குச்சி (அம்மாப்பேட்டை, சேலம்)

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னியுங்கள், செய்துபார்த்துவிட்டு எழுதலாம் என்று மூன்று வாரம் விட்டேன்.

வெள்ளை உடுப்பு அக்கா, நீள மூக்கு லைட்டர் வாங்கியாயிற்று. 6 வருடத்தில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. முதல் நாள் நானே விளக்கேற்றியதும் மகன் கைதட்டினான், நான் அழுதுவிட்டேன். மாத்திரை நிறுத்தவில்லை, நிறுத்தமாட்டேன்.

பாய் சொன்னதைத்தான் அதிகம் யோசித்தேன், தினமும் செய்தே ஆக வேண்டிய வேலை என்று. எனக்கு அது வெந்நீர்ப் பேசின். காலையில் எழுந்ததும் இரண்டு கையையும் வெந்நீரில் வைத்தாக வேண்டும், இத்தனை வருடமும் அதைச் சீக்கிரம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன், அந்த நேரத்தில் செல்போனில் எதையாவது ஓடவிட்டிருப்பேன். இப்போது போனை உள்ளே வைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு, தண்ணீருக்குள் கையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். முதலில் சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கும். அப்புறம் மோதிர விரல். நடுவிரல் தாமதமாக வரும், வலது கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொரு விரல் விடும்போதும் முருகா என்று ஒரு தடவை. பத்து விரலுக்குப் பத்து தடவை. சில நாள் ஏழோடு நின்றுவிடுகிறது, காப்பிப்பூ தங்கச்சி சொன்ன மாதிரி அந்த மூன்றை மறுநாள் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூச்சு எனக்கு இன்னும் சரிப்படவில்லை. ஆனால் சத்தம் பிடிக்கச் சொன்னீர்களே, அது சரியாக வந்தது. பக்கத்து வீட்டில் இன்னும் கைத்தறி ஓடுகிறது, எங்கள் தெருவில் மிச்சம் இருக்கிற இரண்டு குழித்தறியில் ஒன்று. மிதி, நாடா, பலகை, மிதி, நாடா, பலகை என்று வந்துகொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அதனால் கேட்டதே இல்லை. இப்போது பதினோரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்கிறேன். நடுவில் தார் தீர்ந்ததும் சத்தம் நிற்கும், அண்ணன் புதுத் தார் மாற்றுவார், அதற்குள் ஒரு அமைதி வரும் பாருங்கள். அந்த நேரத்தில் வலி இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் வலியோடு கூட நானும் அங்கே இருக்கிறேன், முன்பு வலி மட்டும்தான் இருக்கும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மொத்தம் ஐந்தாறு நிமிடம்தான், ஒரு நாள் அதிலும் தூங்கிவிட்டேன்.

சுகவனம் ஐயா, உங்கள் பதிலை வீட்டுக்காரரிடம் படித்துக்காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். அடுத்த கிருத்திகைக்கு அவரே வண்டி எடுத்துவந்து குமரகிரி அடிவாரத்தில் நிறுத்தினார். அவரும் மகனும் தேங்காய்ப் பழத்தட்டோடு படி ஏறினார்கள், நான் கீழே, முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் பக்கத்தில் இல்லாததால் வாய்விட்டே திட்டினேன். ஆறு வருடத்துக் கோபம், எல்லாவற்றையும் சொன்னேன், தார் சுற்ற முடியாமல் போனது, மகனுக்குத் தலைவாரிவிட முடியாமல் போனது, அந்த வகுப்பு, எல்லாம். இறங்கி வந்து மகன் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, "என்னம்மா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றான். முருகனோடு சண்டை என்றேன். யார் ஜெயித்தது என்று கேட்டான், இன்னும் முடியவில்லை என்றேன்.

அடுத்த கிருத்திகைக்கும் போவோம். ஏற்காட்டுக்கு ஏப்ரலில் வரலாம் என்று இருக்கிறோம், தங்கச்சி, காப்பி பூத்தால் சொல்லுங்கள். இன்று வியாழன், மாத்திரை போட்டாயிற்று, நாளை முழுக்க வாந்தி வருகிற மாதிரியே இருக்கும், அதனால் பதில் போட்டால் சனிக்கிழமைதான் பார்ப்பேன்.